முதல் நிமிடம்

பர்காவிலிருந்து மிசான் கொண்டுவந்தது
பதினொரு வெள்ளரி நாற்றுகள்.
பாலித்தீன் பைக்குள் கழுத்து மடங்கி
ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.
நேற்று அந்திவரை நின்றவைதான் என்றான்.
அவன் இந்தியும் என் இந்தியும் சேர்த்தால்
ஒரு முழு இந்தி தேறாது. ஆனாலும்
"படுத்துவிட்டது" என்பது புரிந்தது.
கையைச் சாய்த்துக் காட்டினான்.

தண்டின் அடியில் நீர்கோத்த பழுப்பு.
பித்தியம்.
பதிவேட்டில் பூஞ்சை என்ற பத்தியில் எழுதுவோம்;
அது பூஞ்சை இல்லை,
கடற்பாசிகளின் தூரத்துப் பங்காளி.
வெள்ளரியைப் போலவே செல்லுலோஸில் சுவர் எழுப்பும்.
ஒரே சூளைச் செங்கல்லில் இரண்டு வீடுகள்.
ஒன்று இன்னொன்றுக்குள் குடிபோகிறது.

அல் கூத், இரவு ஒன்பதே கால்.
ஆய்வகத்தில் நானும் குளிர்பெட்டியின் முனகலும்.
ஓரிழையைக் கொன்று சாயம் ஏற்றினேன்.
செத்ததில்தான் எலும்பு தெரியும்:
நுனியில் பச்சைத் தொப்பியாய் ஆக்டின்,
பின்னே புள்ளி புள்ளியாய், நூல் நூலாய்.
முன்னால் ஒரு மணி கோக்கும்,
பின்னால் ஒரு மணி உதிரும்,
மாலை நடந்தது போலிருக்கும்.

ஜன்னலுக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தில்,
ஹாலஜன் வெளிச்சத்தில் சாரம் பிரித்தார்கள்.
கீழ்த்தளத்துக் குழாய்
கைமாறிக் கைமாறி மேல்தளம் போனது.
அட, இதேதான் என்று பேனாவைத் தேடினேன்.
இல்லை. அங்கே
குழாயைத் தாங்க ஒரு தோள் இருக்கிறது,
அந்தத் தோளுக்கு ஒரு முகாம், ஒரு பஸ், ஒரு பசி.
இழைக்குள் ஆளில்லை.
சாரமே கொத்தன், சாரமே கூலி.

இன்னோர் இழையை உயிரோடு வைத்தேன்.
செங்கடலில் ஒரு கடற்பஞ்சு
மீன்களை விரட்டக் கசியும் நஞ்சு,
அதில் ஒரு துளிக்கும் குறைவு.
ஆக்டினைக் கோக்கவிடாது அது.

நின்றுவிடும் என்றிருந்தேன்.
முதல் நிமிடம் வேகம் கூடியது.
கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
கூடித்தான் இருந்தது.
முட்டித் தள்ளிய கைதான்
இழுத்துப் பிடித்த கையும் போலும்.
மூன்றாம் நிமிடம் நுனி கூர்மையை மறந்தது,
நகச்சுற்று வந்த விரலாய் உப்பியது,
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
எல்லாப் பக்கமும் போனது.
ஏழாவதில் வெடித்தது. உள்ளிருந்த சாந்து
சத்தமில்லாமல் வட்டத்துக்கு வெளியே ஓடியது.

மிசானின் செய்தி: மருந்து இருக்கா மேடம்?

இருக்கிறது, ஆகாது.
வெள்ளரியின் உள்ளும் அதே ஆக்டின்,
மருந்தடிக்கும் உன் கையிலும்,
இதைத் தட்டச்சும் என் விரலிலும்.
இத்தனையும் எந்த இந்தியில் சொல்ல?
தண்ணீரைக் குறை என்று அனுப்பினேன்.
பழைய மண்ணை அள்ளிப் புதுப் பாத்தியில் போடாதே.
ஜூலையில் மண்ணை நனைத்து,
கண்ணாடித் தாள் போர்த்தி,
ஒரு மாதம் வெயிலிடம் ஒப்படை.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.
வெகுநேரம் தட்டச்சிட்டு, அழித்து, தட்டச்சிட்டு
கடைசியில் கேட்டான்:
இது மார்ச்தானே மேடம்,
ஜூலை வரை என்னை வைத்திருப்பாரா கல்ஃபான்?

ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்:
முதல் நிமிடம், வேகம் கூடியது.
காரணம் என்ற கட்டம்
இன்னும் வெள்ளையாக இருக்கிறது.