தொள்ளாயிரத்துப் பத்து கிராம்

விபூதிப் புதனன்று செத்துப்போனது கடுகு.
இரவுவேலை முடிந்து நான் வந்தபோது
வைக்கோலுக்குள் பக்கவாட்டில் கிடந்தது,
ஒரு காது மட்டும் நிமிர்ந்து
இன்னும் யாருக்கோ செவிகொடுப்பதுபோல.
உளுந்து அதை இரண்டுமுறை சுற்றிவந்து முகர்ந்தது.
பிறகு போய் வெள்ளரித்துண்டைத் தின்றது.
கினிப் பன்றிகளுக்கு அவ்வளவுதான் இறுதிப் பூசை.

ஷெவோனிக்கு ஒன்பது வயது.
அழுது, முகம் கழுவி வந்து கேட்டாள்:
"அம்மா, அதுக்கு மோட்சம் இருக்கோ?"
முதல் நன்மை வகுப்பில் போன வருஷமே
இதைக் கேட்டிருக்கிறாள்.
ருயெக்செகர் அம்மையார்
இல்லை என்று சொல்லவில்லையாம்,
ஆம் என்றும் சொல்லவில்லையாம்.
எழுந்துபோய் யன்னலைத் திறந்தாராம்,
கொஞ்சம் காற்று வரட்டும் என்று.

முதியோர் இல்லத்தில் வேலை எனக்கு.
இந்த மாரியில் நாலுபேரின் கண்களை மூடிவிட்டிருக்கிறேன்.
மூடியதும் யன்னலைத் திறப்போம்.
ஆத்மாவுக்கு வழி என்று பழைய தாதிமார் சொல்வார்கள்,
புதியவர்கள் ஒன்றும் சொல்லாமல் திறப்பார்கள்.
கூட்டைக் கழுவும்போது
நானும் திறந்தேன்.
நாத்தத்துக்கு என்றுதான் மகளிடம் சொன்னேன்.

மூன்றாம் மாடி வாடகைக்காரருக்குப்
புதைக்க நிலம் ஏது?
பால்கனியில் ஒரு தொட்டி,
அதில் கறிவேப்பிலை, குளிரில் பட்டுப்போனது.
மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது.
மகளின் சப்பாத்துப் பெட்டியில் வைத்து
மத்தியானப் பூசைக்கும் கொண்டுபோனேன்.
கதிரைக்கு அடியில் பெட்டி.
சுவாமி கட்டைவிரலால் என் நெற்றியில்
மண்ணை ஞாபகப்படுத்தினார்.
பெட்டிக்குள் இருந்ததற்கு
அது தேவைப்படவில்லை.

பூர்க்டோர்ஃப் பேருந்தில் சிவயோகமலர் அக்கா.
நெற்றியைப் பார்த்துவிட்டு,
"கோயிலாலையோ வாறீர்?"
ஓம் என்றேன்.
அவவும் பூசியிருந்தா, என்னுடையதைவிட வடிவாய்,
மூன்று கோடுகள்.

எம்மே ஆற்றங்கரையில்,
கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்தில்
செத்த விலங்குகளை வாங்கும் இடம்.
செம்மஞ்சள் உடுப்புக்காரர் பெட்டியைத் தராசில் வைத்தார்.
தொள்ளாயிரத்துப் பத்து.
பெட்டியின் எடையைக் கழிக்கவில்லை.
குருவி விழுந்தாலும் ஒருவர் கணக்கில் வைப்பார் என்று
சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.
கணக்கு என்றால் இப்படித்தானோ:
திகதி, இனம், எடை, நீலப் பேனை.

கடுகளவு விசுவாசம் இருந்தால் மலை நகரும் என்பார்கள்.
எனக்கிருந்த கடுகு
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.
ஆல்ப்ஸ் அசையவில்லை. தூரத்தில்,
தலையில் வெள்ளை போட்டுக்கொண்டு நின்றது.

"நெற்றியில் ஏதோ அழுக்கு" என்று
அந்த மனிதர் காகிதத் துண்டு நீட்டினார்.
நல்ல மனிதர்.
வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த நாட்டில் சட்டமொன்று உண்டு:
கினிப் பன்றியைத் தனியே வைத்திருக்கக் கூடாது.
ஆதியிலே ஒரு தோட்டத்தில் ஒருவனைப் பார்த்து
இரக்கப்பட்ட கதையை
இவர்கள் எலியினத்துக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள்.
அருள்ராஜ் போய் மூன்று வருஷம்.
என் தனிமையை விசாரிக்க
எந்த அதிகாரியும் மணியடித்ததில்லை.
அதை விடுவோம்.

சனிக்கிழமை ட்சௌக் அம்மையார் வீட்டிலிருந்து
ஒன்றை இரவல் வாங்கிவந்தோம்.
துணையிழந்தவற்றுக்குத் துணை கொடுப்பது அவர் வேலை.
வயதானது, ஒரு கண்ணில் புரை.
உளுந்து செத்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும்,
அது செத்தால் அறிவிக்கவேண்டும்.
கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரவு முழுக்கப் பல் நெறிக்கும் சத்தம்.
படுக்கையில் ஷெவோனி செபம் சொன்னாள்,
அப்பாவுக்கு அடுத்து கடுகின் பெயர்.
நான் இடைமறிக்கவில்லை.
ஆமென் என் வாயிலிருந்து
கொஞ்சம் பிந்தி வந்தது.

விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:
"ட்சௌக் அன்ரி புரட்டஸ்தாந்து எல்லோ?
அப்ப புதுசும் புரட்டஸ்தாந்தோ?"

விடிய எழும்பிப் போய்ப் பார்த்தேன்.
ஒரே வைக்கோல் தண்டை
ஒரு முனையில் உளுந்து கடித்துக்கொண்டிருந்தது,
மறுமுனையில் அது.