கால் சதவீதம்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
தாராவி தொண்ணூறு அடி ரோட்டில்
கேத்தன்பாய் கடைக்குப் போவேன்.
வாங்க அல்ல. கேட்க.
துவரம் பருப்பு, உதிரி, நடுத்தரம், ஒரு கிலோ.
போன மாதம் கேட்ட அதே பருப்பு,
அதே கடை, அதே மூட்டையின் வாய்.
"லிகோ மேடம், லிகோ" என்பார்.
நூற்று அறுபத்தெட்டு.
தட்டுவேன் கைக்கணினியில்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் என்றைக்கும் ஐந்து ரூபாய்தான்.
பொட்டலத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்:
ஐம்பத்தைந்து கிராம் ஐம்பதாகியிருக்கும்.
காணாமல் போன ஒரு பிஸ்கட்டை
அரசாங்கத்துக்குச் சொல்கிற வேலை என்னுடையது.

அந்த வருஷம் எல்லாமே ஏறிற்று.
பதின்மூன்றாம் காம்பவுண்டில் பை தைக்கும் தவசிக்கனி,
என் வீட்டுக்காரர்,
பை ஒன்றுக்குப் பதினான்கு கட்டாது, பதினாறு வேண்டும் என்றார்.
பன்னிரண்டு மெஷின்காரர்களும் சேர்ந்து கேட்டார்கள்.
இர்ஃபான் சேட் பதினைந்துக்கு வந்தார்.
அன்று ராத்திரி அயிலை வாங்கினோம்.

பிறகு கோட்டைப் பக்கம்
நான் ஏறியிராத ஒரு மாடியில்
ஆறு பேர் உட்கார்ந்து பேசினார்கள்.
அவர்கள் முன்னிருந்த காகிதத்தில்
என் பருப்பும் இருந்திருக்கும்,
அந்த ஒரு பிஸ்கட்டும்,
ஆயிரம் ஊர்ப் பருப்போடு சேர்ந்து அரைபட்டு
ஒரே ஓர் எண்ணாக.
கால் சதவீதம் ஏற்றினார்கள்.
ரெண்டு மாசம் கழித்து இன்னொரு கால்.
அப்புறம் அரை.

கால் என்பது என்ன பெரிய கணக்கு?
அதற்கும் கீழே அரைக்கால் உண்டு, மாகாணி உண்டு,
ஊதினால் பறக்கிற முந்திரி உண்டு.
ஆனால் இந்தக் கால் நடந்தது.
கோட்டையிலிருந்து சயான் வரை நடந்து
வங்கிக் கிளையின் படியேறி
சேட்டின் கடன் கணக்கில் சம்மணம் போட்டது.
தோல் பாதி வந்தது.
ஆர்டர் கொடுத்தவன் அடுத்த மாசம் என்றான்.
பன்னிரண்டு மெஷின் ஏழாயிற்று.
மிதித்தே பழகிய தவசிக்கனியின் கால்
ராத்திரியெல்லாம் கட்டில் விளிம்பில்
எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

வேலைக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான்.
கடந்த ஏழு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்கூல் பைக்கு
ஜிப் மாற்றி முப்பது ரூபாய் வாங்கியிருந்தார்.
செய்தேன், என்றார்.
வேலையில் இருப்பவர் என்று விழுந்தது குறி.
அவன் மேல் தப்பில்லை, பாரம் அப்படி.
டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒருநாள் யோசித்தேன்.
நூற்று அறுபத்தெட்டை அறுபது என்று தட்டியிருந்தால்?
தக்காளியில் ஒரு பத்தைக் கழித்திருந்தால்?
ஒன்றும் ஆகியிருக்காது.
ஆயிரம் கடையில் ஒரு கடை.
இருந்தும் விரல் உறுத்துகிறது.

விலைவாசி தணிந்தது என்று டீவியில் சொன்னார்கள்.
தணிந்தது விலை இல்லை,
ஏறுகிற வேகம் என்று
தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி
நானே ஓய்ந்துவிட்டேன்.

இந்தச் செவ்வாய்
மூட்டையின் வாய் பாதிதான் திறந்திருந்தது.
அதே விலை மேடம், மூன்று மாசமாய்.
ஏன் ஏறலை, என்றேன்.
எடுக்க ஆளில்லையே.
மாசா மாசம் தவறாமல் வருவது நீங்கள்தான்,
நீங்களும் விலை கேட்டுவிட்டுப் போவீர்கள்.

அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.
ஒரு கிலோவின் விலையைத் தட்டிவிட்டு
துணிப்பையை நீட்டினேன்.
கால் கிலோ போடுங்க.