கடித்ததுபோல

பள்ளத்தூர் தாண்டிக் கண்மாய்க்கு மேற்கே
செம்புறாங்கல் பொட்டலில்
பழைய செய்தித்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.
இலைகளின் ஈரத்தில்
போன மாதத்துத் தேர்தல் நனைகிறது.

காலையிலிருந்து இதுவரை:
சீந்தில். கார்டிஃபோலியா. இதய இலை.
(வெற்றிலை போடாத சீமையில் வைத்த பெயர்.)
இலுப்பை. லாஞ்சிஃபோலியா. நீள இலை,
அவ்வளவுதான்,
பஸ் பிடிக்க ஓடியவன் எழுதியது மாதிரி.
தூதுவளை. டிரைலோபேட்டம். மூன்று மடல்.
முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது,
என் விரலைக் கேளுங்கள்.

இவற்றில் பாதி உவமைத்தொகை.
'போல' எங்கோ தொக்கி நிற்கும்.
விரித்தால் லேபிளில் இடம் போதாது.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
சூரைப் புதருக்குள் முழங்கால் உயரம்,
பூ இல்லை, காய் இல்லை,
ஒவ்வோர் இலையும் நுனி வரைக்கும் போகாமல்
வெடுக்கென்று நின்றிருந்தது.
எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.
இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்,
கண்ணால் கண்டதில்லை:
பிரேமோர்சா.
நுனியைக் கடித்து எடுத்ததுபோல.

அளந்தேன். படம் பிடித்தேன்.
புதுச் செடியென்றால்
பெயருக்குப் பின்னால் என் பெயரின் சுருக்கம் வரும்.
பென்சிலில் எழுதிப் பார்த்தேன்,
உண்ணாமலை என்பதை வெட்டி:
பிரேமோர்சா உண்ணா.

ஆடுகளை விட்டுவிட்டுச் சேவுகன் வந்தான்,
காதில் பாதிப் பேச்சோடு செல்போன்.
"அது நம்ம கருப்பி வேலைக்கா.
நேத்து இந்தப் பக்கந்தான் மேய்ஞ்சா.
கசக்கும்போல, நுனியோட விட்டுட்டா."

கசக்கும்போல.

இலையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
அறுந்த நரம்புகளின் மேல் பழுப்புக் கோடு,
காய்ந்த புண்.
முதலாமாண்டுப் பிள்ளைகூடப் பார்த்திருப்பாள்.

"இதுக்குப் பேர் என்னக்கா?"
தெரியவில்லை என்றேன்.
பூக்கட்டும், சொல்கிறேன்.
"இவ விட்டாத்தானே பூக்கும்" என்று
கல்லை எடுத்து எறிந்தான்,
அவள்மேல் படாமல்.

ரப்பரை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.
லேபிளில் குறிப்புக் கட்டத்தில்
இலை நுனி: கடித்தது.
கடித்தவர்: கருப்பி, பெட்டை, வயது மூன்று.
'போல'வுக்கு விட்டிருந்த இடம் மிஞ்சியது.

சேகரித்தவர் என்ற கோட்டிலும்
அவள் பெயர்தான் முதலில் வரவேண்டும்.
எனக்கு ஒரு நாள் முந்தி
வந்திருக்கிறாள்.