பன்னிரண்டாம் விடயம்

பதினோராம் விடயம் தெருநாய்கள்.
அதில் நாற்பது நிமிடம் போயிற்று.
பன்னிரண்டாவது:
வெளிநாட்டுத் தீர்வை, நகர வியாபாரம், சபையின் நடவடிக்கை.
நான் பேனையின் மூடியைக் கழற்றினேன்.
ஹட்டனில் மழைக்காலப் பிற்பகல் மூன்று மணிக்கு
மின்குமிழைப் போடாமல்
யாரும் யாரையும் எதிர்த்துப் பேச முடியாது.

பாலத்துக்கு அப்பால் கையுறை தைக்கிறார்கள்,
எங்கேயோ பனியில் சறுக்கும் பிள்ளைகளுக்கு.
பனி என்றால் எங்களுக்குக்
காலையில் கொழுந்தை நனைப்பது.
அதில் விழுந்து புரளலாம் என்று
தொழிற்சாலைப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம்.
அறுநூற்றுப் பத்துப் பேர், இரண்டு ஷிப்ட்.
ஒரு சோடிக்குப் பத்து விரல்.
பத்து விரலுக்கும் சேர்த்து
அந்தக் கரையில் இனி நூற்றுக்கு நாற்பத்து நாலு.

தவிசாளர் யோகராசா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.
சபை வரி போடலாம்:
இறைச்சிக் கடைக்கு, விளம்பரப் பலகைக்கு,
களியாட்டத்துக்கு, மாட்டு வண்டிக்கு.
கடல் தாண்டிய ஒரு வரியைக் குறைக்க
எந்தப் பிரிவிலும் இடமில்லை.
விமலசேன எழுந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
'உறுப்பினர் வருத்தம் தெரிவித்தார்'
என்று தமிழில் எழுதினேன்.
அவர் சொன்னது அதுவல்ல.
அதை எந்த மொழியிலும் அறிக்கையில் எழுத முடியாது.

பார்வையாளர் வாங்கிலிருந்து ரிஸ்மினா,
போர்டிங் நடத்துகிறவர், மூன்று அறை, பதினான்கு கட்டில்,
அனுமதி கேட்காமலே எழும்பினார்.
"ஒரு கட்டில்ல ரெண்டு பேர், பகலுக்கு ஒருத்தி ராவைக்கு ஒருத்தி.
இப்ப ராவு ஷிப்ட் இல்ல.
மிச்சம் இருக்கிறவளும் பேக்கைக் கட்டுறா.
குப்பைக்கு மட்டும் பழைய கணக்கா சேர்?"

தீர்மானிக்கப்பட்டது:
தூதரகத்துக்குக் கடிதம், மூன்று மொழியில்.
போர்டிங்குகளுக்குக் குப்பைக் கட்டணம் ஆறு மாதம் பாதி.
சந்தைக் கடை வாடகை தை வரை ஏறாது.

பிறகு வேலைப் பகுதி ஹேமந்த,
கணக்குப் பிசகாத மனிதர்,
ராத்திரியில் ஆள் நடக்காத வீதிக்கு
இருபத்திரண்டு விளக்கு எதற்கு என்றார்.
அணைத்தால் குப்பையில் விட்டதைப் பிடித்துவிடலாம்.
நியாயம்தான்.
கைகள் பாதி உயர்ந்தும் விட்டன.
அப்போது தமயந்தி,
பட்டியலில் வந்தவர், ஒன்பது கூட்டமாக
தேநீருக்கு நன்றி சொல்ல மட்டும் வாய் திறந்தவர்,
"அணைச்சா, மூடியாச்சுன்னு
நாமளே சொல்ற மாதிரி இருக்கும்" என்றார்.

உயர்ந்த கைகள் தலையைச் சொறிந்தன.
ஏழுக்கு ஆறு. விளக்கு எரியும்.

கடிதத்தை நானே பதிவுத் தபாலில் போட்டேன்.
முகவரியில் ஓர் எண் பிழை,
தபாற்கந்தோர் பெண் திருத்தித் தந்தாள்.
பதில் இல்லை.
சில மாதம் கழித்து வானொலியில்
நாற்பத்து நாலு கொஞ்சம் இறங்கியது.
சபையின் அயராத முயற்சி என்று
தவிசாளர் பஸ் நிலையத்தில் பதாகை கட்டினார்.
இரண்டு நாள் மழையில் அதுவும் இறங்கியது.

ராவு ஷிப்ட் பாதி திரும்பிவிட்டது.
திரும்பாத பாதியில் மஸ்கெலியா சத்தியவாணி.
கட்டைவிரல் பொருத்துவதில் அவளுக்கு நிகர் இல்லை,
மற்ற நான்கும் யாராலும் முடியும் என்பார்கள்.
இப்போது குவைத்தில்
யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போடுகிறாளாம்.

நான் வீட்டுக்குப் போவதும் அந்த வீதியால்தான்.
நடைபாதையில் வாங்கிய கழிவுச் சோடி,
இடது சுண்டுவிரலில் தையல் கோணல்,
மோட்டார் சைக்கிள் பிடியில் குளிர் ஏறாமல் காக்கிறது.
எண்ணிக்கொண்டே போகிறேன்.
இருபத்திரண்டில் பத்தொன்பது எரிகிறது.
மீதி மூன்றையும்
அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில்
நாய்களுக்கு முன்னால் போட வேண்டும்.