இருபது கிலோவுக்குக் கீழே

கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில் என்று
தமிழ்ப்பள்ளியில் கைகட்டி ஒப்பித்தோம்.
ஆறில் ஒன்றுகூட
பீடோங் பஸ் நிலையத்தில் வந்து இறங்கியதில்லை.

இங்கே இரண்டுதான்.
மழை.
மழை இல்லை.

இது மழை இல்லாத மாசி.
கித்தா மரங்கள் சிவந்து, உதிர்ந்து
விரல் விரித்து நிற்கின்றன.
பால்வெட்டு நின்றுபோய்
ஒட்டுக்கடையில் தே ஓவுக்கும் கணக்கு நோட்டு.
குழாயைத் திறந்தால்
ஒரு பெருமூச்சு,
பிறகு கொஞ்சம் துரு.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக்காரி.
லோரி ஏறும், எண் ஆடும், ஆடி நிற்கும்,
பொத்தானை அழுத்துவேன்.
பழத்தோடு ஓர் எடை,
பழம் கொட்டிவிட்டு ஓர் எடை.
கழித்தால் வருவது காசு, வேறொருவருக்கு.
பதினொரு வருஷமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை ஏழரைக்கு
இரும்பு சூடேறுமுன்
ஆலைப்பூனை மேடை நடுவில் வந்து
கால் நீட்டிப் படுத்தது.
திரையைப் பார்த்தேன்: பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
அதன் கண்ணுக்குத் தெரியாது.
எனக்கு இது தெரிந்ததுதான்,
பூனையை வைத்து யோசித்ததில்லை.

நேப்பாளத்துக் காவலாளி தில்பகதூர்
தன் தொப்பியை எடுத்துப் பூனைக்குப் பக்கத்தில் வைத்தான்.
பூஜ்யம்.
என் சாப்பாட்டு அடுக்கை வைத்தேன்,
நெத்திலிச் சம்பலும் முட்டையுமாய்.
பூஜ்யம்.
அவன் வாய்விட்டுச் சிரித்தான்.
கடைவாயில் ஒரு பல் இல்லை என்று
மூன்று வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
ஹாரன் அடித்துக்கொண்டு வந்த அஸ்மானும்
லோரியை நிறுத்தி, இறங்கி,
ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அண்ணாந்து திரையைப் பார்த்தான்
நாலு நம்பர் விழுந்ததா என்று பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு வழக்கமான நாள்தான்.
நாற்பத்தேழு லோரி.
மேனேஜர் இரண்டு தடவை கத்தினார்.
விசிறி சுடுகாற்றை
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றிவைத்தது.

மாலையில் ஆ லியோங் கடையில்
இரண்டு வெள்ளிக்குச் சிராப்,
பிளாஸ்டிக் பையில், கயிறு கட்டி.
மோட்டார் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
என் முழங்காலில் வந்து இடித்தது
ஒரு சின்னக் குளிர்.
அதற்காகவே
மருந்துக்கடைப் பக்கம் சுற்றிப் போனேன்,
அங்கே ஆறு வேகத்தடை.

ராத்திரி எட்டரைக்குத் தண்ணி லோரி.
கைலிகள், வாளிகள், ஒரு குழந்தைத் தொட்டி.
கக் ரொஹானி எனக்கும் சேர்த்து இடம்போட்டு
என் செருப்பை வரிசையில் நிறுத்தியிருந்தார்.
யார் வீட்டில் எத்தனை பேர்,
யார் நேற்று இரண்டு தடவை வந்தார்கள்,
எல்லாச் சண்டையும் முடிந்த பிறகு
குழாயில் மிச்சமிருந்ததை
லோரிக்காரன் வானத்தைப் பார்த்துத் திருப்பினான்.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின.
அப்புறம் நாங்களும்.
ஜொகூரில் கண்டெய்னர் ஓட்டும் புருஷனுக்கு
வீடியோ எடுக்கத்தான் போனை நீட்டினேன்.
நனைந்ததில் ஒன்றும் பதியவில்லை.
'என்ன சத்தம், மழையா?' என்று கேட்டான்.
'ஆமாம்' என்றேன்.

வாளியைக் கக் ரொஹானி தூக்கிக்கொள்ள
தர்ஷாயினியை நான் தூக்கிக்கொண்டேன்.
பத்தடிக்குள் தூங்கிவிட்டாள்,
ஈரத்தலை என் கழுத்தில்.
போன மாதம் கிளினிக் புத்தகத்தில்
பத்தொன்பது கிலோ என்று எழுதினார்கள்.

சொட்டும் முடியைச் சேர்த்தால்
இருபது தொடலாம்.
பூனையிடம் கொஞ்சம் நகரச் சொல்லி
நாளைக் காலை
ஏற்றிப் பார்க்க வேண்டும்.