மூன்றாம் வேட்பாளர்

எங்கள் நூலகத்தில் புத்தகம் இல்லை.
எண்ணை வாங்கி எண்ணைத் தரும்
பன்னிரண்டாயிரம் வரி, அவ்வளவுதான்.
வெளியே விடுமுன் அதற்குப் பெயர்
வெளியீட்டு வேட்பாளர்.
யார் தமிழாக்கினாரோ, அவர் வாழ்க.
அந்தச் சொல் கேட்டால் எனக்கு
கைகூப்பி வாசல் வாசலாய் வருகிற ஆள்தான் தெரிகிறார்,
பின்னால் ஆட்டோவில் கரகரக்கும் மைக்கோடு.

பீல் நகரத்தில் நவம்பர்.
கால்வாயைப் பனிமூட்டம் தின்றுவிட்டது.
எதிர்த் தெருவுக்கு ஒரே பலகையில் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
மூன்றாம் மாடியில் மட்டும் விளக்கு.
நானும் ரேத்தோவும்.

முதல் வேட்பாளர் விண்டோஸ் வாசலில் விழுந்தார்.
கோப்பின் பெயரில் ஒரு முக்காற்புள்ளி,
அந்த வீட்டுக்கு அது ஆகாது.
இரண்டாமவரை மேக் திருப்பி அனுப்பியது.
பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்
அதன் வட்டுக்கு ஒன்றுதானாம்.

மூன்றாமவரை இன்று மாலை கிளப்பிவிட்டோம்.
விண்டோஸ் பச்சை.
மேக் பச்சை.
லினக்ஸ் ஐந்து பங்காளிகள். நாலு பேர் உடனே பச்சை,
ஒருவர் எச்சரிக்கை என்று ஏதோ முனகிவிட்டுப் பச்சை.
உள்ளங்கை அகலச் சிறுபலகை
நாற்பது நிமிடம் மூச்சுவாங்கி, அதுவும் பச்சை.
ரேத்தோ கோட்டை மாட்டிக்கொண்டான்.

கீழ்த்தளத்தில், சைக்கிள் அறைக்குப் பக்கத்தில்,
ஒரு பழைய பெட்டி இருக்கிறது.
சிவப்பு.
சோதனை இருநூற்றுப் பதினெட்டு:
எதிர்பார்த்தது ஒன்று.
கிடைத்தது
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து
எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
இத்தனை வாக்கு வாங்கியும்
டெபாசிட் போன வேட்பாளர் உலகில் இவர் ஒருவர்தான்.

வந்த முதல் மாதம் நகராட்சி அலுவலகத்தில்
கையில் எழுபத்து நாலு என்று சீட்டு.
திரை பழுது. கூப்பிட்டார்கள்:
நாலும் எழுபதும்.
என் காதில் நாலு முதலில் விழுந்தது, பிறகு ஏழு.
நாற்பத்தேழு யாரோ, எழுந்து போகவில்லையே என்று
அந்த ஆளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு
எண்பத்தொன்று வரை உட்கார்ந்திருந்தேன்.
கடைசியில் பிரெஞ்சுக்காரி ஒருத்தி
எழுபதை முன்னால் வைத்துச் சொன்னாள்.
எழுந்தேன்.

ஆகவே பெட்டி மேல் எனக்குக் கோபமில்லை.
மற்றவை சின்ன முனையிலிருந்து படிக்கின்றன,
இது பெரிய முனையிலிருந்து.
நான்கு பைட்டும் சரி, நான்கும் அதன் அதன் மதிப்போடு.
எந்த முனை முதல் என்று
நாங்கள்தான் எங்கும் எழுதிவைக்கவில்லை.

'இதை விட்டுவிடலாம்,' என்றான் ரேத்தோ.
'அந்த மாதிரிப் பெட்டிக்கு
போன வருடம் இறக்கியவர்கள் பதினோரு பேர்.'
பதினோரு பேரில் ஒருவரை எனக்குத் தெரியும்.
லிகெர்ட்ஸில் யோலாந்த் ஜியோக்,
திராட்சைச் சரிவில் உறைபனிக்குக் காவலாய்
இதே மாதிரி ஒன்றை ஓட்டுகிறார்.
பிழை கண்டால் ஒரு வரி எழுதுவார்,
வணக்கம் கூட இருக்காது.
ஏப்ரல் இரவில் ஒரு டிகிரி என்பது
ஒன்றரைக் கோடிக்கு மேல் டிகிரியானால்
எந்த மணி அடிக்கும், யார் எழுந்து போவார்கள்?

ரேத்தோ பதில் சொல்லவில்லை.
கோட்டைக் கழற்றாமலே கீழே போனான்.
சைக்கிள்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து
இரண்டு மணி நேரம். நான் காபி கொண்டுபோனேன்,
ஆறியது, இன்னொன்று கொண்டுபோனேன்.
மாற்றம் ஒரே வரி.
அதில் பாதி அடைப்புக்குறி.

பெட்டி பச்சையானபோது
நாங்கள் கைதட்டவில்லை.
ஒரு வரி மாறினாலும் இவர் வேறு ஆள்.
மூன்றாமவர் வாபஸ்.
போன வாசல் எல்லாவற்றுக்கும் மறுபடி போகவேண்டும்,
பச்சை சொன்ன வீட்டுக்கும், முனகிய பங்காளிக்கும்.

நாலு பத்து.
லோசான் போகும் முதல் ரயிலுக்கு நேரம் இருக்கிறது.
ரேத்தோ மேசை மேல் தலையை வைத்துவிட்டான்.
நான்காம் வேட்பாளர்
விண்டோஸ் வாசலில் நிற்கிறார், கைகூப்பி.
உள்ளே யாரோ
செருப்பைத் தேடும் சத்தம்.