கல்லாறு

நொய்யலுக்குத் தெற்கே
பனியன் வேஸ்ட் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில்
மாநகராட்சி ஜப்பான் பூங்கா வந்தது.
பெரியவருக்குப் பத்து ரூபாய், சிறுவருக்கு ஐந்து,
கேமராவுக்குத் தனி.
சீட்டுக் கிழிப்பது நான்.

உள்ளே நுழைந்ததும் ஓர் ஆறு.
தண்ணீர் கிடையாது.
சல்லியைவிடச் சின்ன வெள்ளைக் கல்லைப் பரப்பி
மரச்சீப்பால் அலை இழுத்திருக்கும்.
'தண்ணீர் ஓடுவதாக மனதில் எண்ணிப் பார்க்கவும்'
என்கிறது பலகை.
முத்தணம்பாளையத்துக்காரர் ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்:
"அதத்தானுங்க முப்பது வருசமா
பாலத்து மேல நின்னு செஞ்சுட்டிருக்கறோம்."

விடிகாலை நாலரைக்கு வந்துவிடுவாள் பாவாயி.
நாய்க் கால், காக்காய்க் கால்,
காற்று கொண்டுவந்து போட்ட துணிச் சுருள்
எல்லாம் பொறுக்கி
அலை இழுத்தபடி பின்னாலேயே நடந்து வெளியேறுவாள்
தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு.
ஒப்பந்தக் கூலி. சீப்பு மட்டும் மாநகராட்சிக்குச் சொந்தம்.

ஏழு மணிக்கு நடைப்பயிற்சிச் சங்கம், பிளாஸ்கில் கொள்ளு ரசம்.
மீனுக்குப் பொரி போடக் கூடாதென்று
சங்கமே எழுதிக் கொடுத்தது, சங்கமே போடுகிறது.
ஞாயிறானால் ஒடிசாப் பையன்கள்
ஒருவன் சட்டையை இன்னொருவன் மாற்றிப் போட்டு
சிவப்புப் பாலத்தில் நின்று ஊருக்குப் படம் அனுப்புவார்கள்.
செர்ரி மரம் பிடிக்கவில்லை.
அந்தக் குழியில் யாரோ ஊன்றிய முருங்கைப் போத்து
பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பொழுதோடக் கும்மி.
அறுபது பேர். ஓவர்லாக் டெய்லர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு,
ஆறாவது படிக்கும் யாழிசை,
மாமியார் மருமகள் இரண்டு செட்டு.
ஆடிப் பதினெட்டுக்கு அரங்கேற்றம்.
மண்டப வாடகை கட்டாமல் இங்கே வந்தார்கள்.
இங்கேயோ 'அமைதி காக்கவும்.'
வாத்தியார் குழந்தைவேலு ஒரு வாரம் யோசித்தார்.
பிறகு பாட்டை உதட்டில் மட்டும் பாடினார்.
கையை ஓரங்குலம் முன்னாலேயே நிறுத்தச் சொன்னார்.
அறுபது ஜோடிக் கை
சேரப் போய்ச் சேராமல் திரும்பும்.
வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் என்று வாயசைப்பாள்;
ஒரு புறாகூடப் பறக்காது.

வைகாசியில் ஒரு வியாழன்
பவுர்ணமியாக அமைந்தது.
ஏழரைக்குக் கரண்ட் போனது.
சுற்றுவட்டாரத்து நிட்டிங் மெஷின்கள்
ஒரே மூச்சில் நின்றதும் வந்த அமைதி
பலகை கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது.
வெள்ளைக் கல் மட்டும் தெரிந்தது.
யார் முதலில் இறங்கியது என்பதற்கு
ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
நான் கவுண்டரில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்
என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
கல்லில் கால் விழும் சத்தம்
கைத்தட்டலைவிட நன்றாக இருந்தது
என்று கேள்வி.

விடிந்து பாவாயி சீப்போடு நின்றாள்.
அலைகளுக்கு நடுவே அறுபது பேர் மிதித்த வட்டம்.
ஓரிடத்தில் மட்டும் உள்ளே தள்ளி
சின்னப் பாதம் ஒன்று.
அவள் அதைத் தொடவில்லை.
மூன்று பெரும்பாறைகளைச் சுற்றி எப்படி இழுப்பாளோ
அப்படியே அதையும் சுற்றி வளைத்து இழுத்தாள்.
மேற்பார்வையாளர் வந்து கேட்டார், "என்னம்மா இது?"
"சுழிங்க சார். ஆறுன்னா சுழி இருக்காதுங்களா?"
அவர் பலகையை ஒரு முறை படித்தார்.
திரும்ப ஒரு முறை படித்தார்.
பதிவேட்டில் எழுதினார்: சுழி, ஒன்று.

அடுத்த வியாழன் மறுபடி ஓரங்குலம்.
யாழிசைக்கு மட்டும் கை தவறிப் பட்டுவிட்டது.
ஒரே ஒரு தட்டு.
குளத்து மீனெல்லாம்
பொரியென்று நினைத்து
மேலே வந்து வாய் திறந்தன.